விசில் ஊதும்வரை அத்தைக்குக் கால் உடைந்திருந்தது

மருத்துவக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மயக்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாம் ஆண்டில் பிரேதத்தின் மேலிருந்த துணியை விலக்கிய கணத்திலேயே அவள் வெட்டிய வாழையாகச் சாய்ந்தாள். விழுந்த சத்தத்தில், மேசையில் கிடந்தவரே ஒருமுறை எழுந்து என்னவென்று பார்த்துவிட்டு மறுபடி படுத்தார் என்று அவள் வகுப்பு முழுக்க இன்றைக்கும் சத்தியம் செய்யும்.

அப்படிப்பட்டவள் நான்காம் ஆண்டில் ஒரு காலை, வீட்டில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, “நான் காட்டு மருத்துவம் கத்துக்கப் போறேன்” என்றாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்குப் புரை ஏறி, காப்பி இரண்டு மூக்குத் துவாரம் வழியாகவும் திரும்பி வந்தது.

“காட்டு வைத்தியமா? வேரும் தழையும் அரைக்கவா உன்னை இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சேன்?”

“அது இல்லப்பா. மலையில, காட்டுல, ஆஸ்பத்திரியே இல்லாத இடத்துல ஒருத்தருக்கு அடிபட்டா, கையில இருக்கிறத வச்சு உயிரைப் பிடிச்சு வச்சுக் கீழ கொண்டு வர்றது. எங்க காலேஜ்லயே சங்கம் இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை பயிற்சி. கடைசியில ஒரு தேர்வு. அதுல ஜெயிக்கிற ஜோடிக்கு மலை மீட்புப் படையோட ஒரு மாசம் முகாம்.”

“தோல் டாக்டர் ஆகுடி. ஏசி ரூம், சுழல் நாற்காலி. நடு ராத்திரியில அரிக்குதுன்னு எவனும் எழுப்ப மாட்டான்.”

“முகாமுக்கு எடுத்துட்டாங்கன்னா அப்புறம் தோல் பேச்சே எடுக்கக் கூடாது. எடுக்கலைன்னா நீங்க சொன்னபடி கேக்கறேன்.”

பந்தயம் அங்கேயே முடிவாயிற்று. சாட்சி, அத்தை. அப்பாவின் அக்காள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ‘டிக்கெட்’ என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று நிறுத்தம் தள்ளி நிற்கிறவன் கூடச் சில்லறையைக் கையில் எடுத்துக்கொள்வான். இப்போது அந்தக் குரலுக்கு வீட்டில் வேலையில்லை. போதாக்குறைக்குச் சமீப காலமாக அத்தை அங்கங்கே விழுந்துகொண்டிருந்தார். குளியலறையில் விழுந்தபோது சோப்பின் மேல் பழி. அடுப்படியில் விழுந்தபோது செருப்பின் மேல் பழி. அந்தச் செருப்பைத் தெருவில் எறிந்துவிட்டுப் புதுச் செருப்பு வாங்கி, அதைப் போட்டுக்கொண்டும் விழுந்தார்.

பயிற்சி ஆரம்பித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மயக்கத்துக்கு அதிர்ச்சிமேல் அதிர்ச்சி. சங்கத்தை நடத்திய பேராசிரியருக்குக் கழுகு என்று பெயர். மலை மீட்புப் படையில் பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் பார்த்தால் பார்க்கப்பட்டவனுக்குக் காய்ச்சல் வரும், பார்வையை எடுத்தால் இறங்கும். முதல் நாளே எல்லாருடைய ஸ்டெதஸ்கோப்பையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“காட்டுல உங்க கருவி உங்க பத்து விரல்” என்றார்.

குடையை ஒடித்து உடைந்த கைக்குக் கட்டச் சொன்னார். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, ஊசியால் ஒரு துளை போட்டு, பீச்சிப் புண்ணைக் கழுவச் சொன்னார். நாலு சட்டையின் பொத்தானை மாட்டி, சட்டைக் கைகளுக்குள் இரண்டு கழியை விட்டு, அதில் ஆளைத் தூக்கச் சொன்னார்.

“பாம்பு கடிச்சா?”

“கத்தியால கீறி, ரத்தத்தை உறிஞ்சி...” என்று ஆரம்பித்தாள் மயக்கம்.

“சினிமாவுல! இங்க கடிபட்ட இடத்தை அசைக்காம, ஆளை நடக்கவும் விடாம, தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவ. வாயை வச்சேன்னா அப்புறம் உன்னையும் சேர்த்துத் தூக்கணும்.”

இவ்வளவு கறாரான மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் சலுகை வைத்திருந்தார். பயிற்சியில் அடிபட்டவராகப் படுத்திருப்பவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் யாரோ ஒருவர். அவர் நாடியைப் பிடித்தால் எழுபதுதான் இருக்கும். ரத்தம் வடிந்து சாகக் கிடப்பவருக்கு எழுபது பொருந்தாதே! ஆகவே, “நாடி?” என்று மாணவர் கேட்டால் கழுகு பக்கத்தில் நின்று எண்ணைச் சொல்வார். “நூத்தி இருபது!” மாணவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். நாளடைவில், ஓடும் பஸ்ஸில் நிற்கிறவர் கம்பியைத் தொடுவது போல, மணிக்கட்டில் விரல் சும்மா பட்டு எழுந்துகொண்டது. காது மட்டும் கழுகின் பக்கம் இருந்தது.

மயக்கத்தின் ஜோடி, புத்தகம் என்கிற பையன். அவனைத் தூக்கத்தில் தட்டினால் பக்க எண்ணோடு பதில் சொல்வான். ஜோடியில் ஒருவர் தவறினாலும் இருவருக்கும் தோல்வி என்பதால் அவன் அவளைக் கண்ணாடிச் சாமான் போலப் பார்த்துக்கொண்டான்.

“ரத்தம் மாதிரி சாயம் ஊத்துவாங்க. பாத்து விழுந்துடாத.”

“உன் வேலையைப் பாருடா.”

தேர்வுக்கு நோயாளியை மாணவர்களே வீட்டிலிருந்து கூட்டி வர வேண்டும். ஒரே நிபந்தனை: கழுகு விசில் ஊதும்வரை நோயாளி நடிப்பை விடக்கூடாது. விசிலுக்கு முன் ஆட்டத்தை யார் கலைத்தாலும் அந்த ஜோடி காலி.

“விசிலைப் பத்தி எனக்கா சொல்ற?” என்றார் அத்தை. “முப்பது வருஷம் ஊதினவ நான். விசில் வராம ஒருத்தனையும் இறங்க விட்டதில்ல. நானா இறங்கப் போறேன்?”

தேர்வு நாளன்று காலையில், ஊருக்கு வெளியே இருந்த காட்டில், அத்தையை ஒரு பாறைக்கடியில் படுக்க வைத்தார்கள். பாறையிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்த கிழவி வேஷம். முகத்தில் வெளிறிய மாவு பூசி, காலில் ஒரு வாளிச் சிவப்புச் சாயம் ஊற்றி, வியர்வைக்காக நெற்றியில் தண்ணீர் தெளித்தார்கள். அதற்கப்புறம் அத்தை வாயைத் திறந்தார். காட்டிலிருந்த பறவைகள் மொத்தமும் கிளம்பிப் பக்கத்து மாவட்டத்தில் போய் இறங்கின.

“ஐயோ, காலு! என் காலு போச்சே! என் தம்பி மகளைக் கூப்பிடுங்க, அவ ஒருத்திதான் என்னைக் காப்பாத்துவா! ஐயா பேராசிரியரே, அவளுக்கு மார்க்கைப் பாத்துப் போடுங்க!”

“நோயாளி பரிந்துரை பண்ணக்கூடாது” என்றார் கழுகு.

“சரி. ஐயோ, காலு!”

மயக்கமும் புத்தகமும் ஓடி வந்தார்கள். எல்லாம் அவர்கள் பழகிய வரிசையிலேயே நடந்தது. அவள் காயத்தை அழுத்திப் பிடித்தாள், அவன் கழியை வைத்துக் காலைக் கட்டினான். சாயம் முழங்கைவரை வழிந்தது. மயக்கம் மயங்கவில்லை. புத்தகம் நிம்மதியாக மூச்சு விட்டான்.

அத்தையின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நின்றே போனது.

“பிரமாதமா பண்றாங்க” என்று முணுமுணுத்தான் புத்தகம். “ரத்தம் போனா குரல் அடங்கும். நீ சொல்லிக் குடுத்தியா?”

அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தையின் நெற்றியில் இருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி முத்து முத்தாக நின்றது. தெளிக்கிறவர் எப்போதோ போய்விட்டார். மறுபடி ஒற்றினாள். மறுபடி வந்தது. மாவுப் பூச்சுக்கு அடியில் அத்தையின் நிறம் என்னவென்று அந்தக் கடவுளுக்கே தெரியாது.

“நாடி?” என்றாள் வழக்கம் போல.

“நூத்தி இருபது!” என்றார் கழுகு.

விரலை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. விரலுக்கடியில் எதுவுமே இல்லை. இடம் தவறிவிட்டோம் என்று நினைத்தபோது ஒரு துடிப்பு வந்தது. பிறகு யோசித்து, தயங்கி, கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நிற்கும் விருந்தாளி மாதிரி இன்னொன்று.

“சார், நாப்பது கூட இல்ல.”

“நூத்தி இருபதுன்னு சொன்னேனே. அடுத்தது?”

“சார், நிஜமா...”

“மயக்கம், நேரம் போகுது!” என்று புத்தகம் பல்லைக் கடித்தான். “அவர் சொன்ன நம்பரை வச்சுப் போயேன். இன்னும் கொஞ்சம்தான். முகாம் கையில வந்தாச்சு!”

அவள் மனசுக்குள் ஒரு பக்கம் மலை முகாம் நின்றது, இன்னொரு பக்கம் சுழல் நாற்காலி சுழன்றது. நடுவில் சோப்பு, பழைய செருப்பு, புதுச் செருப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்றும் வழுக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்தாள். நேராகக் கழுகிடம் போனாள். அவர் கழுத்தில் தொங்கிய விசிலைக் கயிறோடு இழுத்து வாயில் வைத்து ஊதினாள். கயிறு அறுபடவில்லை, ஆகவே கழுகின் முகமும் கூடவே வந்து அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. இத்தனை வருஷத்தில் கழுகின் கண் அவ்வளவு விரிந்ததை ஒருவரும் பார்த்ததில்லை.

அத்தை ஒரு கண்ணைத் திறந்தார்.

“ஏண்டி ஊதின? நல்லாத்தானே செத்துக்கிட்டிருந்தேன்?”

“அத்தை, உங்களுக்கு என்ன பண்ணுது? உண்மையைச் சொல்லுங்க.”

“கொஞ்சம் தலை சுத்துச்சு. அப்பப்ப வரும், போகும். விசில் வரட்டும்னு இருந்தேன். உன் தேர்வைக் கெடுக்கச் சொல்றியா?” என்றபடி, மயக்கம் தடுப்பதற்குள், ஒரே வீம்பாக எழுந்து உட்கார்ந்தார் அத்தை. வாக்கியத்தின் நடுவிலேயே கண் மேலே செருகியது. உடம்பு கட்டை போலச் சாய்ந்தது.

முதலில் அசைந்தவள் மயக்கம். அத்தையைத் தட்டையாகப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கி, கழுத்து நாடியில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. நெஞ்சில் கையை வைத்து அழுத்தப் போன நேரத்தில், அந்தச் சோம்பேறி விருந்தாளி மறுபடி கதவைத் தட்டினான். அத்தை மூச்சை இழுத்தார்.

“இதயத்தோட மின்சார ஓட்டத்துல தடை. மேல இருந்து கீழ துடிக்கச் சொல்ற சேதி போகல” என்றார் கழுகு. அவர் விரல் இப்போது அத்தையின் மணிக்கட்டில் இருந்தது. குரல் அவருடையதாகவே இல்லை. “படுத்தே இருக்கணும். தூக்குங்க.”

மேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கும். புத்தகம் ஏறவில்லை, பறந்தான். செருப்பு ஒன்று பாதியில் அவனை விட்டுப் பிரிந்தது. நாலு பேர் சட்டையைக் கழற்றினார்கள். பொத்தானை மாட்டி, கழியை விட்டு, சட்டைத் தூளியில் அத்தையை ஏற்றிக் காட்டுப் பாதையில் இறங்கினார்கள். நடுவில் விழித்துக்கொண்ட அத்தை, “முன்னாடி போறவன் குலுக்காம ஓட்டு!” என்று அதட்டியதும்தான் மயக்கத்துக்கு உயிர் வந்தது.

ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் காத்திருந்தது. அத்தையும் கழுகும் ஏறினார்கள். கதவைச் சாத்தக் கையைத் தூக்கிய மயக்கம் இத்தனை நாழி தள்ளிவைத்திருந்த வேலையைச் செய்தாள். வெட்டிய வாழையாகச் சாய்ந்தாள்.

புத்தகம் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “நாடி?” என்று பழக்கதோஷத்தில் கழுகைப் பார்த்தான். கழுகு தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பையன் வெட்கத்தோடு தலையைக் குனிந்து, முதல் முறையாகத் தானே எண்ண ஆரம்பித்தான்.

அன்றைக்கே அத்தையின் நெஞ்சில் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவு பேஸ்மேக்கர் ஒன்றை வைத்தார்கள். இதயம் சொன்ன பேச்சைக் கேட்டது. செருப்புக்கும் சோப்புக்கும் விடுதலை.

அடுத்த வாரம் கழுகு வார்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நாற்காலி கொடுத்தார், அவர் உட்காரவில்லை.

“விசிலுக்கு முன்னாடி ஆட்டத்தைக் கலைச்சதால தேர்வுல நீ பெயில்” என்றார் மயக்கத்திடம். “உன் ஜோடியும் பெயில். விதி விதிதான்.”

அப்பா சுழல் நாற்காலியைப் பற்றி வாயெடுத்தார். பிறகு கட்டிலில் இருந்த அக்காளைப் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

“ஜெயிச்ச ஜோடி போகட்டும். ஆனா முகாம்ல இந்தத் தடவை எனக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும். நான் நம்பர் சொன்னா நம்பாதவ ஒருத்தி. இனிமே நம்பாதவன் ஒருத்தன். அங்க நானும் விரலை வைக்கக் கத்துக்கணும். எப்ப கிளம்புற?”

மயக்கம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா முன்ஜாக்கிரதையாக அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

“அதெல்லாம் இருக்கட்டும்” என்றார் அத்தை. “நான் நடிச்சேனே, எனக்கு எத்தனை மார்க்கு?”

“நீங்களும் பெயில்தாம்மா” என்றார் கழுகு. “கடைசியில நீங்க எங்க நடிச்சீங்க?”

முப்பது வருஷம் எந்தப் பயணியிடமும் பேச்சில் தோற்காத அத்தை, திறந்த வாயை மூடவே இல்லை. மயக்கம் பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.