பன்னிரண்டாம் மெட்டு

"இவருக்கு எல்லாம் கேக்கும்ணா. சுருதி மட்டும்தான் கேக்காது" என்று கணவரைக் காட்டித் தங்கை சொன்னபோது, சோற்றுக் கையோடு முதலில் சிரித்தவர் அவள் அண்ணன்.

அவர் மின்கிதார் ஆலையின் தரப் பரிசோதகர். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு கிதாரின் பெட்டியிலும் 'ஒரு மனிதரின் செவியைக் கடந்து வந்தது' என்று அச்சிட்ட அட்டை இருக்கும். அதனடியில் அவர் கையொப்பம். ஆலையின் பெயர் அதன்மேல்தான் நின்றது. அதை நம்பித்தான் தங்கையின் கணவரான தையற்காரர், எட்டு மாதங்களுக்கு முன் கடையில் அந்தக் கிதாரையே கேட்டு வாங்கினார்.

"கிதார் வாத்தியாரே கும்பிடு போட்டுட்டாரு மச்சான். 'உனக்கு ஊசி போதும்யா, கம்பி வேணாம்'னுட்டாரு."

"விடுங்க மாப்பிள்ளை. கழுதைக்கு எதுக்குக் கற்பூர வாசனை?"

மாப்பிள்ளையும் சிரித்தார். பிறகு வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கை கழுவியபின், பரிசோதகர் விளையாட்டாகக் கிதாரை எடுத்தார். ஆறு கம்பிகளும் பழுதறச் சுருதி சேர்ந்தன. கிதாரின் கழுத்தில் வரிசையாகப் பதித்த மெட்டுகளில், பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்தார். அங்கே அதே சுரம் மேல்ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். ஒலித்ததோ சற்றே ஏறிய வேறொன்று. கம்பியின் நீளத்தைக் கூட்டும் திருகுகளைக் கடைசிவரை திருகியும் இறங்கவில்லை. கம்பி தாங்கும் பிரிட்ஜே இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது.

பெட்டியில் இருந்த அட்டையில் தேதியைப் பார்த்தார். சரக்கு வண்டி வாசலில் காத்திருந்த நாள் அது. கிதார்கள் மேசைக்கு வருமுன்பே நாற்பது அட்டைகளிலும் கையொப்பமிட்டுவிட்டு, ஐந்துக்கு ஒன்றை மட்டும் மீட்டிப் பார்த்திருந்தார். பிரிட்ஜுக்குத் துளையிடும் பொறி இடம் நகர்ந்திருந்தது மறுவாரம் தெரிந்தது. "புகார் வந்தா பாத்துக்கலாம். நம்ம பேரை நாமளே கெடுத்துக்கணுமா?" என்றார் மேலாளர். இவரும் சரியெனத் தலையசைத்தார். புகார் ஒன்றும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது இப்போது விளங்கிற்று.

சின்னப் பழுது, ஆலைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி முடித்துவிடலாம். அச்சொல் நுனிநாக்குவரை வந்தது.

"என்ன மச்சான், அதையும் கெடுத்துட்டேனா?"

"நீங்க இல்ல மாப்பிள்ளை. நான்தான். இதை நான் பாக்கவே இல்ல. அன்னைக்கு நாப்பது அட்டையிலயும் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

தையற்காரர் காதைத் தொட்டுக்கொண்டார். "அப்ப என் காது?"

"நல்ல காது. அதனாலதான் இதோட ஒத்துப்போகல."

ஏச்சுக்காகக் குனிந்த தலைக்கு ஏச்சு வரவில்லை. "ஏய், கேட்டியா? என் காது நல்லாத்தான் இருக்காம்" என்று மாப்பிள்ளை அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். அந்த மகிழ்ச்சியை ஏறிட்டுப் பார்க்கப் பரிசோதகரால் இயலவில்லை.

ஈரக் கையோடு வந்த தங்கை, மாப்பிள்ளை சொன்னதை எல்லாம் கேட்டாள். சிரிக்கவில்லை. "மத்தவங்க வீட்டுல யாருண்ணா போய்ச் சொல்றது?"

"நாளைக்கு நானே கிளம்புறேன். எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு தாள் இருக்கு."

அந்தத் தாள் எட்டு மாதமாகத் தம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது என்பதைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.