சிப்பிகாட் வளைவில் ஒரு மான்

எங்க வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி மாதிரி கார் ஓட்ட அந்தமான்லயே ஆள் கிடையாதாம். சொன்னது வேற யாரும் இல்ல, அவரேதான். சாலைப் பாதுகாப்பு வாரத்துல ஆபீஸ் மேடையில ஏறி, "ஒரு மான் தாண்டினா வண்டியை நிறுத்துங்க, பின்னாடியே இன்னொண்ணு வரும்"னு அரைமணி நேரம் முழங்கின புண்ணியவான். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டித் தொலைச்சேன்.

டிசம்பர்ல இங்க அஞ்சரைக்கே இருட்டிடும். சிப்பிகாட்லேருந்து வீட்டுக்குத் திரும்பிட்டிருந்தோம். வளைவுல ரெண்டு மான் தாண்டுச்சு. "மெதுவாப் போங்க, இன்னும் வரும்"னேன். "எனக்கே பாடமா?"ன்னு ஹாரனை அமுக்கிக்கிட்டு வேகத்தைக் கூட்டினார். மூணாவது மான் நேரா பம்பர்ல அடிபட்டு விழுந்துச்சு.

வண்டியை ஓரங்கட்டி, நாலு விளக்கையும் மினுக்க விட்டு, வனத்துறைக்கு ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சுது. மான் குறுக்கே வந்து அடிபட்டா யாரும் தூக்குல போடப் போறதில்ல. அதைத் தூக்கிட்டுப் போனாத்தான் கேஸ். இந்தத் தீவுல பால்காரருக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம். இவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா நாக்குல எச்சில் ஊறிடுச்சே! குவார்ட்டர்ஸ்ல நாலு வீட்டுக்குப் பொட்டலம் கொடுத்து, "ஸ்பெஷல் மட்டன்"னு கண்ணடிச்சாத்தான் இவங்க கூட்டத்துல பெரிய மனுஷன். தொடைக்கறி மேலதிகாரிக்குன்னு அங்கேயே பங்கு வச்சார். அந்த மான் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டிருந்துச்சு.

யாராவது பார்த்துடுவாங்கன்னு கார் விளக்கை எல்லாம் அணைச்சார். இருட்டுல, வளைவுல, பாதி ரோட்டை அடைச்சு நிக்கிற வண்டிக்கு! இந்த மூளைக்குத்தான் அரசாங்கம் முப்பது வருஷமா சம்பளம் கொடுக்குது. "ஜல்தி, பின்னங்காலைப் பிடி ஷோபனா"ன்னார். பிடிச்சேன். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நான்.

டிக்கியை மூடுறதுக்குள்ள ஒரு பைக் வந்து கார்ல மோதுச்சு. ஓட்டிட்டு வந்தது டெர்வின், படகு இன்ஜின் மெக்கானிக். கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சு ரோட்டுல கிடந்து கத்தினான். இவர் முதல்ல என்ன செஞ்சார் தெரியுமா? மானை டிக்கிலேருந்து இழுத்து பைக் பக்கத்துல போட்டார். அப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன்.

போலீஸ்காரர்கிட்ட கூசாம சொன்னார்: "தலைதெறிக்க வந்து மானை அடிச்சான் சார், அப்படியே எங்க கார் மேல விழுந்தான்." இருட்டுல எதுல மோதினோம்னே டெர்வினுக்குத் தெரியல. டெர்வினுக்கு கப்பல்ல இன்ஜின் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு. கால் கூடுற வரைக்கும் காத்திருக்கோம்னு சொல்லிட்டாங்களாம். ஆனா கண்மண் தெரியாம ஓட்டினான்னு கேஸ் ஆச்சுன்னா அந்த வேலை போச்சு.

மறுநாள் டெர்வினைப் பார்க்கப் போன ஆஸ்பத்திரியிலேயே போலீஸ் என் வாக்குமூலம் எடுக்க வந்தாங்க. "நீ தலையாட்டினாப் போதும். என் பென்ஷனை நினைச்சுக்கோ, உன் வேலையையும் நினைச்சுக்கோ"ன்னு இவர் காதுல ஓதினார். அப்போ டெர்வினோட அம்மா பிரிஸ்கில்லா ரெண்டு கிளாஸ்ல டீ கொண்டு வந்து எங்க கையில கொடுத்தாங்க. "நீங்க மட்டும் நிக்கலைன்னா என் பிள்ளை ரோட்டுலயே போயிருப்பான். மாதா உங்களை நல்லா வைக்கணும்"னு கும்பிட்டாங்க. இவர் டீயை உறிஞ்சிக்கிட்டே, "மனுஷனுக்கு மனுஷன் இதுகூட செய்யலைன்னா எப்படிம்மா?"ன்னார். முப்பது வருஷமா இந்த ஜென்மத்துக்குத்தான் சோறு போட்டிருக்கேன்.

"மேடம், மானை அடிச்சது பைக்தானே?"ன்னு போலீஸ்காரர் இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஹிந்தியில கேட்டார். இவர் தொண்டையைச் செருமினார்.

"இல்ல"ன்னு நானும் ஹிந்தியிலேயே சொன்னேன், வார்டு முழுக்கப் புரியட்டும்னு. "அடிச்சது எங்க கார். கறிக்கு ஆசைப்பட்டு விளக்கை அணைச்சது இவர். பின்னங்காலைப் பிடிச்சுத் தூக்கினது நான். ரெண்டு பேர் பேரையும் எழுதிக்குங்க."

பிரிஸ்கில்லா என் கையிலிருந்த டீ கிளாஸைத் திரும்ப வாங்கிக்கிட்டுப் போனாங்க.