தோட்டாவுக்குப் பத்தடி அப்பால்

இந்தக் காலத்து வேட்டைக்காரனுக்கு முட்டி எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. மேஜையில் தலையணை போட்டுத் துப்பாக்கியைச் சாய்த்து, காப்பி குடித்துக்கொண்டே அடுத்த மலையில் நிற்கும் உயிரைச் சுடுகிறான். விழுந்தது கிடாவா, குட்டி போட்டதா என்று போய்ப் பார்க்கவும் எழுந்திருப்பதில்லை. யெர்னெய் எழுபது வயதில் இப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் லோம் கிராமத்தின் எதிர்மலை நகர்ந்து போனதற்கும் அதுதான் காரணம் என்று ஊர் சொன்னபோது மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மலை நகர்ந்தது உண்மை. ஊரில் இருக்கும் தோட்டாக்களில் எது அதிகத் தூரம் போய்க் கொல்லுமோ, அதற்குப் பத்தடி அப்பால் போய் நிற்பது அதன் வழக்கம். யெர்னெய்யின் அப்பா காலத்தில் எல்லோரிடமும் எட்டு ஐம்பத்தேழுதான் இருந்தது. எட்டு மில்லிமீட்டர் குண்டு, ஐம்பத்தேழு மில்லிமீட்டர் பித்தளைக் கூடு. கனமான குண்டு, எலும்பை உடைக்கும், ஆனால் இருநூறு மீட்டர் தாண்டினால் தரையைத் தேடும். எதிர்மலையும் இருநூறு மீட்டரில் நின்றது. ஆற்றுப் பலகைப்பாலத்தைத் தாண்டி ஏறிப்போய் மலையாட்டைக் கிட்டத்தில் சுட்டார்கள், விழுந்த ஆட்டின் வாயில் கடைசிக் கவளமாகப் பச்சைக் கிளை ஒன்றை வைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு ஏழு அறுபத்துநான்கு வந்தது. மலை முந்நூறுக்குப் போனது. முந்நூறு மேக்னம் என்ற தோட்டா வந்த வருஷம் மலை ஐந்நூறு மீட்டருக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் மலை வாரக் கடைசியில் கிளம்பும். மாட்டுமந்தை இறங்குவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆறு அகலமாகி, கால் வைக்க முடியாத இழுப்போடு ஓடியது. ஊர்க்காரர்கள் பாலத்துக்கு நான்கு பலகை கூடுதலாக அடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த மலைச்சரிவில் ராவ்னே என்ற இடத்தில் ஒரே வீடு. அதில் யெர்னெய்யின் அக்கா பொலோனா, கணவன் போன பிறகு தனியாக, ஒரு பசுவோடு இருந்தாள். முன்பெல்லாம் அவள் அங்கிருந்து கூப்பிட்டு, களி வெந்துவிட்டதா என்று கேட்பாள். இவர் இங்கிருந்து பதில் சொல்வார். முந்நூறில் கத்த வேண்டியிருந்தது. ஐந்நூறில் துணி வீசினார்கள். திட்டிக்கொண்டே யெர்னெய்யும் மேக்னம் வாங்கினார். மற்றவன் கையில் இருப்பது தன்னிடம் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

வேட்டைச் சங்கத் தலைவர் தீலென் ஆறரை மில்லிமீட்டர் தோட்டாவைக் கொண்டுவந்தது ஒரு செப்டம்பரில். ஊசிபோல நீளமான குண்டு, காற்று தள்ளாது, பின்வாங்கும் உதையும் கம்மி. சங்கக் குடிசையில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

“தொள்ளாயிரம் மீட்டர்ல பதினோரு அங்குலக் குறித்தட்டுல விழும் மாமா,” என்றார் தீலென்.

“தட்டு ஓடாது. ஆடு ஓடும்,” என்றார் யெர்னெய். “அங்க என் அக்கா இருக்கா. இன்னும் தள்ளி வச்சீங்கன்னா எப்படிடா போவேன்?”

“தோட்டாவால மலை நகரலைன்னு நீங்கதான சொல்லுவீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். வாங்கலாம் என்று கை தூக்கியவர்கள் பதினொருவர், தூக்காதவர் ஒருவர். அந்த ஞாயிற்றுக்கிழமை மலை தொள்ளாயிரத்துக்குப் போனது. தொலைபேசிக் கம்பி அறுந்தது, பாலத்தின் ஒரு நுனி ஆற்றுக்கு நடுவே தொங்கியது. காலையில் மூடுபனி, மதியத்தில் வெயில் அலை. துப்பாக்கி ஸ்கோப்பில் பார்த்தால் ஆடுகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆடின. இரண்டு பருவம் ஒன்றும் விழவில்லை. சொறி பிடித்த ஆடுகளைக் கழிக்கச் சொல்லி வந்த உத்தரவு சுவரிலேயே மஞ்சளானது. இரண்டாவது நவம்பரில், ராவ்னேக்கு மலை சுற்றிப் போகும் ஒரே வழியான கணவாயையும் பனி மூடியது. அதற்கு மூன்றாம் நாள் பொலோனா வீட்டுப் புகைபோக்கியில் புகை நின்றது.

மாவட்டத்தில் ஹெலிகாப்டர் கேட்டார்கள். வரைபடத்தில் தூரம் இருநூறு மீட்டர்தான், நடந்து போங்கள் என்று பதில் வந்தது.

யெர்னெய்தான் வழி சொன்னார். நம்பிச் சொல்லவில்லை, வேறு வழி இல்லாமல் சொன்னார். எட்டு ஐம்பத்தேழைத் தவிர எல்லாத் தோட்டாவையும் சங்கத்து இரும்புப்பெட்டியில் போட்டுப் பூட்டுவோம், மலை வருகிறதா பார்ப்போம். தீலென் முதலில் போட்டார், கணக்காக நூற்றிருபது. மற்றவர்கள் பைகளைக் கவிழ்த்தார்கள். பெட்டி பூட்டப்பட்டது. மலை புறப்பட்டது; எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். ஐந்நூறு மீட்டரில் நின்றுவிட்டது. கூடுதலாக அடித்த பலகைகளை ஆறு கொண்டுபோயிருந்தது; அக்கரையை எட்ட இன்னும் எட்டு பலகை தேவைப்பட்டது, அந்த இழுப்பில் ஒன்றும் நிற்கவில்லை.

ஐந்நூறு என்றால் மேக்னம். ஊரில் எவனோ ஒருவன் ஒளித்து வைத்திருக்கிறான். ஒருவர் சட்டைப்பையை ஒருவர் பார்த்தார்கள். தீலென் தன் வீட்டைத் திறந்து போட்டார். இரண்டு சகோதரர்கள் அடித்துக்கொண்டார்கள். அதிகமாகக் கத்தியவர் யெர்னெய். “என் அக்கா சாகட்டும்னு இருக்கீங்களாடா? எவன்டா அவன், வெளிய வா!”

கத்திக்கொண்டே எதிர்மலையைப் பார்த்தார். ராவ்னே வீட்டுக் கதவுக்கு வெளியே பசு நின்றது. இரண்டு நாள் கறக்காத மடி வீங்கி, பசு வாசற்படியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. யெர்னெய் கோட்டைக் கழற்றினார். கோட்டு உள்துணியின் தையலைப் பேனாக்கத்தியால் பிரித்தார். ஒரே ஒரு மேக்னம். எல்லோரும் போட்டுவிட்டு எவனாவது ஏமாற்றினால் தனக்கு ஒன்றாவது இருக்கட்டும் என்று வைத்தது. பதினொரு பேருக்கு முன்னால் குடிசைக்குள் நடந்தார். தீலென் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கிப் பிடித்தார். பித்தளை மேல் பித்தளை விழுந்த சத்தம் கேட்டது. யாரும் காறித் துப்பவில்லை. துப்பியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மதியத்துக்குள் மலை இருநூறில் வந்து நின்றது. பாலத்தின் நுனி தன் பழைய கல்லில் உட்கார்ந்தது. யெர்னெய் முதுகில் வைக்கோல் சுமக்கும் சட்டத்தைக் கட்டிக்கொண்டு போனார். பொலோனா இடுப்பெலும்பு உடைந்து அணைந்த அடுப்புப் பக்கத்தில் கிடந்தாள், போர்வைக்குள் கண் மட்டும் தெரிந்தது.

“வந்துட்டியாடா? ரெண்டு வருஷமா எங்கடா போன?”

“நான் எங்கயும் போகலைக்கா.”

“அப்ப நான் போனேனா?”

அவர் குனிந்து போர்வையை விலக்கினார். அவளுக்குப் புளித்த பால் புகட்டினார், பசுவைக் கறந்து விட்டார், அவளைச் சட்டத்தில் உட்கார்த்திக் கட்டி முதுகில் தூக்கினார். அவள் குழந்தை கனம்தான் இருந்தாள். அன்றிலிருந்து மலை அங்கேயே நிற்கிறது. நில அளவைக்காரர்கள் வந்து, வரைபடம் சரி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று பாலத்தின் இந்தப் பக்கம் தீலென் கை கொடுக்க நின்றிருந்தார். “மாமா, இப்பவாவது ஒத்துக்குங்க. நீங்க போட்டதும் வந்துச்சுல்ல?”

“பனி இறுகினா பூமி சுருங்கும். அதான்,” என்றார் யெர்னெய். “அந்தப் பெட்டிக்கு எத்தனை சாவி செஞ்சு வச்சிருக்க? அதைச் சொல்லு.”

“ஒண்ணுதான் மாமா.”

“சொல்லுவ.”

நீட்டிய கையைத் தொடாமல், அக்காவைச் சுமந்துகொண்டு ஊருக்குள் ஏறிப் போனார்.