இரவல் பசுக்கள்

சாம்பல் புதன் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை எந்தக் குருவானவரும் திருமணம் நடத்திவைக்கமாட்டார். ஆகையால் கிளேர் கடலோரத்துக் கத்தோலிக்கப் பங்கு ஊர்களில் தவக்காலம் நெருங்க நெருங்க, பெண் வைத்திருப்போர்க்கும் பிள்ளை வைத்திருப்போர்க்கும் கால் தரையில் பாவாது. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறாம் ஆண்டில், சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று, சோர்கா கர்ட்டின் தன் தாய்மாமன் மொர்ட்டியின் கைபற்றி, செனன் டால்ட்டியின் நிலத்தைப் பார்வையிட நடந்துகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் நிலத்தை நடந்து பார்ப்பதும் மாட்டை எண்ணுவதும் பெண்வீட்டு ஆண்களின் உரிமை. பெண் உடன்போவது வழக்கமன்று. ஆனால் மொர்ட்டியின் கண்களில் திரை விழுந்து ஈராண்டாகியிருந்தது.

"நீ வாய் தொறக்கக்கூடாது. மாடு எத்தனைன்னு என் காதுல சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

"நான் மாட்டையா கட்டிக்கப் போறேன், மாமா?"

"மாடில்லாதவனக் கட்டிக்கிட்டு காத்தையா கறப்ப?"

சோர்காவின் நெஞ்சம் மாட்டில் இல்லை. சென்ற இலையுதிர்காலத்தில் அலைவாய்க் கரையில் கடற்பாசி அள்ளும்போது, நனைந்து நடுங்கிய அவள் தோளில் தன் உலர்ந்த சாக்கைப் போர்த்திவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் கழுத்தளவு நீரில் இறங்கியவன் செனன். அன்று தொடங்கிய அன்பு வளர வளர, அவள் மறைத்திருந்த ஒன்றும் உடன் வளர்ந்தது. பஞ்ச காலத்தில் அவள் ஆறு ஆண்டுகள் லிமெரிக்கில் வேலைக்காரியாய் இருந்தாள் என்றே ஊர் அறியும். அவற்றுள் ஒன்பது மாதங்கள் எனிஸ் நகரச் சிறையில் கழிந்ததை மொர்ட்டி ஒருவரே அறிவார்.

செனனின் தாய் ஊனா வாசலிலேயே காத்திருந்தாள். அவள் முகம் பூட்டிய பெட்டி போன்றது.

"வா மொர்ட்டி. ஏழு பசு நிக்குது. எண்ணிக்கோ."

"உன் வார்த்தைய நம்பாம எண்ணுவேனா, ஊனா? எண்ணித்தான் நம்புவேன்."

கல்மதிலுக்குள் ஏழு பசுக்கள் நின்றன. அந்நேரம் கடல்மழை சாய்ந்து பெய்யத் தொடங்க, செனன் அவற்றைத் தொழுவத்துக்கு ஓட்டினான். மூன்று பசுக்கள், அன்றாடம் கோயிலில் தத்தம் இடத்தில் அமரும் மூதாட்டியர்போல், தலை நிமிராமல் உள்ளே சென்று தம் கட்டுத்தறியில் நின்றன. மற்ற நான்கும் வாயிலிலேயே மறுத்து, சாலைப் பக்கம் முகம் திருப்பிக் கதறின. பெரும்பண்ணை ஒன்றில் ஐந்தாண்டு பால் கறந்தவள் சோர்கா. அவை வேற்றார் வீட்டுப் பசுக்கள் என்று அக்கணமே அறிந்துகொண்டாள். பெண்வீட்டார் வரும் நாளுக்கு அண்டை வீட்டு மாட்டை இரவல் கேட்பது அந்நாட்டில் புதிதன்று.

"எத்தனை?" என்று மொர்ட்டி முணுமுணுத்தார்.

"ஏழு, மாமா."

மொர்ட்டி மகிழ்ந்து ஊனாவுடன் அடுப்படிக்குப் போனார். செனன் மட்டும் மழையில் நின்றான். சிவந்த அவன் காதுகளே அவன் வெட்கத்தைச் சொல்லின.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல?"

"நாலும் அம்மாவத் தேடுற புள்ள மாதிரி ரோட்டையே பாத்து அழுவுது. தெரியாம இருக்குமா?"

"எல்லாரும் செய்யறதுதான்னு அம்மா சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. மூணுதான் என்னுது, சோர்கா. இப்பவே உள்ள போயி உங்க மாமாகிட்ட சொல்லிடறேன். பொய்ய அஸ்திவாரமா வச்சு வீடு கட்ட வேணாம்."

அச்சொல் அவளைச் சுட்டது. நான்கு பசுவின் பொய்யையே தாங்காத ஒருவனிடம் தன் பொய்யை எங்ஙனம் கொண்டு நுழைவது? சொன்னால் இவனை இழக்கலாம். சொல்லாவிடில் இவனோடு வாழும் நாளெல்லாம் தன்னை இழப்பாள்.

"அப்ப என்னுதையும் கேட்டுக்கோ. நாப்பத்தெட்டுல நான் ஒரு ஆட்டத் திருடினேன். அப்பா போயிட்டாரு. தம்பிக்கு ஆறு வயசு. புடிச்சு ஒம்பது மாசம் ஜெயில்ல போட்டாங்க. நான் வெளிய வந்தப்ப தம்பி இல்ல. லிமெரிக் கதையில அந்த ஒம்பது மாசம் பொய்."

செனனின் பின்னால் பால்வாளியோடு ஊனா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"செனன். உள்ள வா" என்றாள்.

அவன் போனான்.

செவ்வாயன்று அந்தப் பங்குக் கோயிலில் ஐந்து திருமணங்கள் நடந்தன. ஆறாவது நடக்கவில்லை. "வாய மூடிட்டு இருந்திருந்தா இன்னிக்கு நீ டால்ட்டி வீட்டு மருமக" என்று மொர்ட்டி ஒருமுறை சொன்னார்; அவள் முகத்தைக் காணாவிட்டாலும் மௌனத்தைக் கேட்டு, பிறகு சொல்லவில்லை. சோர்கா அழுதாள்; ஆயினும் எட்டாண்டில் முதன்முறையாக, ஜெபம் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை.

தவக்காலத்து முதல் ஞாயிறு வந்தது. மணமாகாமல் தவக்காலம் புகுந்தவர்களின் முதுகில் அன்று சுண்ணக்கட்டியால் கோடிழுப்பது ஊரார் விளையாட்டு. பூசை முடிந்து வெளியேறுகையில் எவளோ ஒருத்தி சோர்காவின் கறுப்புச் சால்வையில் தோள் முதல் இடை வரை ஒரு கோடு இழுத்துவிட்டுச் சிரித்தாள். சோர்கா திரும்பவில்லை.

முற்றத்தைக் கடந்து ஊனா வந்தாள். அருகில் நின்று, சோர்கா மட்டுமே கேட்கும் குரலில் பேசினாள்.

"நாப்பத்தேழுல என் வாசல்ல ஒருத்தி கைக்குழந்தையோட நின்னா. பானையில கஞ்சி இருந்துச்சு. இல்லைன்னுட்டேன். அதுக்கு எந்த நீதிபதியும் என்னக் கூப்பிடல. நீ ஒம்பது மாசத்துல வெளிய வந்துட்ட, பொண்ணே. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

சொல்லிவிட்டு, தன் இடுப்பில் கட்டிய முன்துணியின் விளிம்பால் சோர்காவின் முதுகைத் துடைக்கலானாள். முரட்டுக் கை, துடைப்பதில் மட்டும் பதம் இருந்தது. சிரித்தவர்கள் அடங்கினர்.

அப்பால் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு செனன் நின்றான். அவன் முதுகிலும் நெடிய வெள்ளைக் கோடு.

"அன்னிக்கு ஏன் உள்ள போன?" என்றாள் சோர்கா.

"பயம். உன்மேல இல்ல. உன் அளவுக்கு என்னால உண்மை பேச முடியுமான்னு." அவன் ஓரடி முன்வந்தான். "ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் சாமியார் நம்மள எழுதிக்கிறேன்னாரு. நீ சரின்னாதான்."

"ஆறு வாரம் இருக்கே. யோசிக்கறேன்."

"யோசி."

"யோசிச்சாச்சு. சரி."

அவன் அறியாமலே சிரித்தான். பிறகு, அவளும் துடைத்துவிடுவாள் என்று எண்ணி, வெட்கத்தோடு முதுகைக் காட்டினான்.

"அதெல்லாம் முடியாது. ஒரு வாரம் என்னக் காக்க வச்சீல்ல? வீடு வரைக்கும் அப்படியே போ."

செனன் தொப்பியைத் தலையில் வைத்தான். கடைத்தெருவின் நடுவே, ஊர் முழுவதும் பார்த்து நகைக்க, வெள்ளைக் கோடு விளங்கும் முதுகை நிமிர்த்தி, ஓர் அரசனைப்போல் நடந்து போனான்.