வேலை என்ற கட்டம்

இரண்டு படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். 2008, ஹட்டனில் ஒரு இன்டர்நெட் கடை. நோர்வேயில் இருந்த ஒரு கோச் மின்னஞ்சலில் மரதன் பயிற்சி கொடுத்தார். மலைநாட்டு ஓட்டக்காரர் ஒருவருக்கு இலவசம். 'வேலை' என்ற கட்டத்தில் எனக்கு 'தேயிலைத் தொழிற்சாலை, இரவு' என்று எழுதினேன். என் கூட்டாளி துஷாந்தின் கட்டத்துக்கு வந்தபோது கடையைப் பூட்டப் போனார்கள். வெறுமையாக விட்டேன்.

கோச் அவனை எடுத்தார். இரவில் விழிக்கிறவனுக்கு இந்தப் பயிற்சி ஆகாது என்று எனக்கு இரண்டு வரி.

பள்ளியில் துஷாந்த் ஒருமுறைகூட என்னை முந்தியதில்லை. இப்போது அவனுடைய அட்டவணையை ஞாயிறுதோறும் நான் தமிழில் எழுதிக்கொடுத்தேன். ஏ.எல். படிப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும் எனக்கு ஆங்கிலம் வரும்; அவனுக்கு வராது. காலையில் எழும்போது எண்ணிய நாடித்துடிப்பை அவன் சொல்வான், நான் கோச்சுக்கு அனுப்புவேன்.

அவனுக்குக் கவ்வாத்து வேலை. குறித்த தேயிலைச் செடிகளைக் குனிந்து வெட்டி முடித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். அதற்குப் பிறகு றொசல்ல ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர். ஆறு வாரத்தில் நாடித்துடிப்பு நாற்பத்தெட்டிலிருந்து அறுபத்து மூன்றுக்கு ஏறியது; உடம்பு ஓய்வில்லாமல் களைக்கிறது என்பதற்கு அடையாளம்.

'வேறு கடினமான வேலை செய்கிறாரா?' என்று கோச் கேட்டார்.

'இல்லை' என்று எழுதினேன்.

கட்டத்தை விட்டது அவசரம். இது அவசரம் அல்ல. ஏப்ரலில் நுவரெலியா மரதனுக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன்.

மரதனுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது துஷாந்த் என்னுடன் கடைக்கு வந்தான். படியேற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா, கெழவன் மாதிரி ஏறுற?"

"நீ தூக்கிட்டுப் போயேன். மச்சான், அவருகிட்ட ஒண்ணு கேளு. நான் கவ்வாத்து வெட்டுறது அவருக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் எதுக்கு? இங்க எல்லாரும்தான் வெட்டுறாங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வேலைதானேன்னு. சும்மா எழுதிப் பாரு."

பக்கத்தில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"என்ன சொல்றாரு?"

ஓடவே வேண்டாம் என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் கீழே ஒரு வரி இருந்தது, அதை என்னால் தாண்ட முடியவில்லை.

"ஓட்டத்தைப் பாதியாக் கொறைக்கச் சொல்றாரு. கவ்வாத்தே பாதிப் பயிற்சியாம். இது தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா ஓட வச்சிருப்பாராம்."

"அப்புறம்?"

"என் வேலைய எழுதியிருக்கேனாம், ஒன்னோடத மட்டும் ஏன் எழுதல, போன தடவ கேட்டப்பவும் ஏன் இல்லேன்னு சொன்னேன்னு கேக்குறாரு."

துஷாந்த் திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நாந்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன்னு எழுது."

"நீ சொல்லலியே."

"தெரியும். எழுது."

எழுதினேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான், இரண்டு பிளேன்டீ சொல்ல. பழியை ஏற்கும் அந்த ஒரு வரியை நான் சொல்லியிருக்க வேண்டும். அதிலும் முந்திவிட்டான். அவன் மேல் முன்பைவிட எரிச்சலாக இருந்தது.

புதிய அட்டவணையைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். திங்கள், ஓய்வு. சரியாகத்தான் எழுதினேன்.