டிராகன் பழம் தின்ற மறுநாள்

கழிவறையிலிருந்து வெளியே வந்த அழகம்மை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு. இத்தனை மாதங்களுக்குப் பிறகு மறுபடியும் சிவப்பு.

சைகோனுக்குக் குடிவந்த வருஷமே அவளுக்குப் பெருங்குடலில் அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். வயிற்றுவலியும் ரத்தப்போக்கும் அவளை உருக்கின. ஸ்டீராய்டு மாத்திரை முகத்தை ஊத வைத்தது. நோய் அடங்கிய பிறகும் பயம் அடங்கவில்லை. குழைந்த சோறு, இட்லி, தயிர் என்று வெள்ளையாக இருப்பதை மட்டுமே வாயில் வைத்தாள். தேவகோட்டைக்காரியின் சமையலறையில் மிளகாய் வற்றலே இல்லாமல் போயிற்று. விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அவள் கணவன் பழனியப்பனும் அவளோடு உட்கார்ந்து அதையே சாப்பிட்டான். கேட்டால் தனக்கும் அதுதான் ஒத்துக்கொள்கிறது என்பான். பொய் என்று அவளுக்குத் தெரியும்.

போன வாரம்தான் டாக்டரம்மா குடல் புண் ஆறிவிட்டதென்று சொல்லியிருந்தார். இனி பழங்களையும் காய்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அழற்சியால் உண்டாகும் சேதத்தை எதிர்க்க உதவுகிற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் பல பழங்களின் நிறத்திலேயே இருக்கின்றனவாம். மருந்தை நிறுத்தக் கூடாது, மருந்தோடு சேர்த்து இதுவும்.

நேற்று மாலை வீட்டுச் சொந்தக்காரி மரி ஒரு கூடை டிராகன் பழத்தோடு மாடியேறி வந்தாள். அவள் தாத்தா காரைக்கால்காரர். அவளிடம் மிஞ்சிய தமிழ் ஒன்றிரண்டு சொல்தான். "சாப்பிடு, சாப்பிடு. ங்கோன்!" என்று விரல்களைக் குவித்து முத்தமிட்டு, ருசியை வியட்நாமியத்தில் சொல்லிவிட்டுப் போனாள். வெட்டினால் உள்ளே கண்ணைப் பறிக்கும் செக்கச்சிவப்பு. ஒரு துண்டு போதுமென்று ஆரம்பித்தவள் பழத்தையே முடித்தாள். பழனியப்பனோ கூடையைப் பாதியாக்கினான். விரலெல்லாம் சாயம், உதடெல்லாம் சாயம். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நாளாகியிருந்தது.

அந்த ஒரு சாயங்காலத்துக்கா இந்தத் தண்டனை? மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊதிய முகம். இவரிடம் எப்படிச் சொல்வது?

அவள் நிமிர்ந்தாள். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பழனியப்பன் இன்னும் கைலியோடு ஜன்னலோரம் நின்றிருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"அழகு, ஒண்ணு சொல்றேன். பயந்துறாத."

"என்னங்க?"

"உனக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு போல. காலையில ரத்தமாப் போச்சு."

அழகம்மை அவனையே உற்றுப் பார்த்தாள். உதட்டோரம் இன்னும் போகாத சிவப்பு.

"நாக்க நீட்டுங்க."

"என்னது?"

"நீட்டுங்கன்னா!"

நீட்டினான். நேற்றைய சாயம் அப்படியே இருந்தது.

"ரத்தமில்லீங்க, பழம்! ஒங்களுக்கும் பழம், எனக்கும் பழம்!"

நீட்டிய நாக்கை உள்ளே இழுக்கக்கூடத் தோன்றாமல் அவன் விழித்தான். அவனுக்கும் அது புரிந்ததும் இருவரும் போட்ட சிரிப்பில் கீழ்வீட்டிலிருந்து மரி என்னமோ ஏதோவென்று குரல் கொடுத்தாள்.

போனில் டாக்டரம்மாவும் சிரித்தார். இருந்தாலும் எதற்கும் பார்த்துவிடலாமென்று ஒரு பரிசோதனைக்கு வரச் சொன்னார். ரத்தத்தின் சுவடே இல்லை.

முடிவு கைக்கு வந்த அன்று, வீடு திரும்பும் வழியில் அழகம்மை பழனியப்பனின் தோளைத் தட்டிப் பைக்கை நிறுத்தச் சொன்னாள். நடைபாதைப் பழக்காரியிடம் உடம்பெல்லாம் முள்ளாக, பேர் தெரியாத ஏதோ ஒரு காய் பழுத்து உருண்டு கிடந்தது. அழகம்மை கைகாட்ட, அந்தப் பெண் கத்தியை எடுத்தாள். உள்ளே என்ன நிறமென்று பார்க்க இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் ஹெல்மெட்டுகள் டொக்கென்று மோதிக்கொண்டன.