மட்டிகளுக்குப் பரீட்சை இல்லை

…அதெப்படித் தப்பாகும், வருடத்துக்கு முப்பத்தைந்து சதவீதம் பெருகுகிறதென்றால் மாதத்துக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதானே, மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு, கைக்குழந்தைகூடச் சொல்லும், ஆனால் விடைத்தாளில் இரண்டரை என்று போட்டிருக்கிறது, இரண்டரையாம், அந்தக் கிட்டத்தட்ட அரை சதவீத வித்தியாசத்தை யார் தின்றார்கள், கணக்கில் வருகிற ஏரியில் சிப்பியோடு கிடக்கிற மட்டிகளா… நீன்கே பென்சிலைத் தூக்கி மேஜையில் போட்டாள். அது உருண்டு கால்குலேட்டரில் முட்டி நின்றது. மணி ஒன்று இருபது. நாளை இதே நேரம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், ஒன்றரைக்குக் கேள்வித்தாளைத் திருப்பச் சொல்வார்கள், அதில் இந்த மட்டிகளோ இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்களோ கட்டாயம் இருக்கும். காலையிலிருந்து இது நான்காவது முறை. நான்கு முறையும் பன்னிரண்டால் வகுத்து, நான்கு முறையும் அதே தப்பு. போன் எங்கே, வேண்டாம், போனை ரொட்டி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டுத்தானே மாடிக்கு வந்தாள், பசி எடுத்தால்தான் அதைத் திறப்பது என்று சத்தியம் செய்திருக்கிறாள்… பசிக்கிறதா? கொஞ்சம் பசிக்கத்தான் செய்கிறது.

டப்பாவைத் திறந்தபோது போன் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் அதிர்ந்துகொண்டிருந்தது, பத்தொன்பது மெசேஜ், பதினேழு யெல்லேயுடையது. எதிர்வீட்டுக்காரன், கால்வாயைத் தாண்டினால் அவன் வீடு, பாலர் பள்ளியிலிருந்து கூடப் படிக்கிறவன், கூடவே தோற்றவன். பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று அவன்தான் மூன்று பேர் குரூப்பின் பெயரை ‘இரண்டாம் வாய்ப்புக் கழகம்’ என்று மாற்றினான். மூன்றாவது ஆள் மெரெல் பாஸாகிவிட்டாள், அவளைக் கௌரவ உறுப்பினராக வைத்திருக்கிறார்கள். இப்போது ஒரு வாக்கெடுப்பு போட்டிருக்கிறான், நீன்கே தற்சமயம் என்ன செய்கிறாள், ஒன்று, பென்சில் சீவுகிறாள், இரண்டு, ஃபிரிட்ஜைத் திறந்து ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறாள், மூன்று, படிக்கிறாள், யாரும் சிரிக்கக் கூடாது. இரண்டாவதற்கு இரண்டு ஓட்டு விழுந்திருந்தது. நீன்கே கையில் ஃபிரிட்ஜின் கைப்பிடி இருந்தது. எரிச்சலாக வந்தது. எப்படித்தான் தெரியும் இவனுக்கு, ஜன்னல் வழியாகப் பார்க்கிறானா, பார்த்தால் பார்க்கட்டும். ‘உனக்கு வேற வேலையே இல்லையாடா? உனக்கும் நாளன்னிக்குப் பரீட்சை’ என்று தட்டினாள். ‘இருக்கே, உன்னைக் கண்காணிக்கிற வேலை, சம்பளம் இல்லாத வேலை’ என்று உடனே வந்தது. ‘போடா லூசு, நான் படிக்கணும்.’ ‘படி படி, யார் வேணாங்கிறது, எந்தக் கணக்கு?’ ‘மட்டி.’ ‘எந்த மட்டி? நீயா?’

இதற்குப் பதில் சொல்லாமல் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். சொன்னாள். கேள்வித்தாளைப் படம் எடுத்தும் போட்டாள், அதுதான் அவள் புத்தி. ஏழு பேர் படிக்கிற மேஜையில் உட்கார வைத்தாலும் அதில் பேசுகிற ஒருவனைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருகிற புத்தி, கணக்கு ஆசிரியை நான்காம் வகுப்பிலிருந்து இதைத்தான் சொல்கிறாள். அம்மா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கன்னத்தைத் தட்டி ‘நாலு அஞ்சானா போதும் கண்ணு, வேற ஒண்ணும் வேணாம்’ என்றாளே… ஆம், நான்கு ஐந்தாக வேண்டும், அவ்வளவே. மற்ற பாடங்களெல்லாம் கரையேறிவிட்டன, கணக்கு மட்டும் பத்துக்கு நான்கில் நிற்கிறது, ஐந்தாகிவிட்டால் பாஸ், செப்டம்பரில் செவிலியர் கல்லூரி, பெரிய ஊரில் ஓர் அறை, அறைக்குச் சொல்லிக்கூட வைத்தாகிவிட்டது. ஆகாவிட்டால் இதே பள்ளியில் இன்னொரு வருடம், அதுவும் யாரோடு, தங்கை ஃப்ளூரோடு, அவளும் கடைசி வகுப்புக்கு வருகிறாள். ஃப்ளூர் இப்போதே நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டாள், ‘ஒரே கிளாஸ் ஆனா என் பக்கத்துல உக்காராத, என்னைத் தெரியும்னுகூடச் சொல்லாத’ என்று. விளையாட்டாகத்தான் சொன்னாள். நீன்கே உருளைக்கிழங்கைத் தட்டில் ஒதுக்கி வைத்தாள்.

மாடிக்குப் போனையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், ரொட்டியை மறந்துவிட்டாள், ஒரு பை உப்பு அதிமதுர மிட்டாய் மட்டும் கையோடு வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கக் கொடி, முடிவு வந்த போன வியாழக்கிழமையிலிருந்து அவிழ்க்க மனமில்லாமல் விட்டு வைத்திருக்கிறார்கள், கம்பத்தின் நுனியில் அவரவர் பள்ளிப் பை தொங்குகிறது, மழையில் ஊறி இப்போது வெயிலில் காய்கிறது. பதினொன்றாம் எண் வீட்டில் ஒன்று, படகு வீட்டில் ஒன்று, மூலையில் இரட்டையர் வீட்டில் ஒரே கம்பத்தில் இரண்டு பை, பெருமை பீற்றிக்கொள்ள ஓர் அளவு வேண்டாமா. பாஸானவன் பையை வானத்தில் தொங்கவிட வேண்டும், ஆகாதவன் வீட்டை ஊரே சைக்கிளில் போகும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு ஓ என்று மட்டும் சொல்லிப் போக வேண்டும்… எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்த வழக்கமோ. நல்லவேளை யெல்லே வீட்டுச் சுவரிலும் கம்பம் செருகுகிற இரும்புக் குழல் வெறுமனே இருக்கிறது, இவள் வீட்டுக் குழலும் வெறுமனே இருக்கிறது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

போன் மறுபடி அதிர்ந்தது. குரல் பதிவு. யெல்லே மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான், ‘வணக்கம் மேடம், நான் ஏரி மட்டிகள் சங்கத் தலைவர் பேசறேன், எங்களை நீங்க பன்னெண்டால வகுக்கறதாப் புகார் வந்திருக்கு, இது என்ன அநியாயம்?’ சிரிக்கக் கூடாது. மிட்டாயை மென்றாள். அடுத்த பதிவு, ‘எங்களுக்கு எப்படி இவ்ளோ பெருக நேரம் கெடைக்குதுன்னு கேக்கறாங்க மேடம், எங்களுக்குப் பரீட்சை இல்ல, அதான் காரணம்.’ மெரெல் தான் வேலை பார்க்கிற ஐஸ்கிரீம் கடையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் முகங்களாக அனுப்பினாள், கடையில் ஆளே இல்லைபோல. மணி இரண்டு ஐந்து. நீன்கே போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். பழைய கேள்வித்தாள் இன்னும் மூன்று பாக்கி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றாகப் பார்த்தால்கூட… தலையணை அதிர்ந்தது. எடுக்க மாட்டாள். மறுபடி அதிர்ந்தது. இவனை என்ன செய்தால் தகும், இவனுக்கு அறிவு வேண்டாமா, இவன் மூழ்குகிறதுமில்லாமல் காலைப் பிடித்து இவளையும் இழுக்கிறான்… எடுத்தாள். ‘மேடம், ஜனவரில பொறந்த குட்டி பிப்ரவரில சும்மாவா இருக்கும்? அதுவும் குட்டி போடும்ல. அந்தக் குட்டிய யார் கணக்குல சேப்பீங்க? எங்க குடும்பத்தையே பிரிக்கறீங்களே மேடம்.’

குட்டியும் குட்டி போடும். நீன்கே அந்த வரியை இன்னொரு முறை கேட்டாள். அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்துக் கூட்டத்தின் மேல்தான் பெருக்க வேண்டும், பெருக்கிப் பெருக்கிப் பன்னிரண்டு தடவை போனால் வருடக் கடைசியில் ஒன்று புள்ளி மூன்று ஐந்து, அப்படியானால் மாதத்துக்கு அதன் பன்னிரண்டாம் படி மூலம்… கால்குலேட்டரில் தட்டினாள், ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து. இரண்டரை சதவீதம். இரண்டரையேதான். நான்கு முறை ஏறாதது ஒரு மூக்கடைத்த மட்டியின் புலம்பலில் ஏறிவிட்டது, இதை ஆசிரியையிடம் போய்ச் சொன்னால் அவள் தலையில் அடித்துக்கொள்வாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதற்குள் அதற்கும் ஓர் எரிச்சல் வந்தது, இவ்வளவு தெரிந்த கழுதை ஏன் தன் பாடத்தைக் கோட்டை விட்டது? அவன் மறுதேர்வு எழுதப்போவது ஆங்கிலம். ஆங்கிலத்தில் எவனாவது தோற்பானா, அதுவும் யெல்லே, கனவுகூட ஆங்கிலத்தில் காண்கிறவன். பரீட்சை அன்று தூங்கியிருப்பான், இல்லை பாதியில் எழுந்து வந்திருப்பான், சோம்பேறி… ஆனால் அதைக் கேட்டாளா? அவனிடம் ஏன் தோற்றாய் என்று ஒரு தடவையாவது கேட்டாளா? இல்லை. அவளாகவே தூக்கம் என்று ஒரு காரணம் செய்து வைத்துக்கொண்டாள்.

மெரெலின் மெசேஜ் வந்தது அப்போதுதான், திரையில் மேலே கண் முன்னால். ‘ஏழு வாங்கினவன் எட்டுக்காக இன்னொரு தரம் எழுதறான், இவன் பேச்சைக் கேட்டு நீ உக்காந்திருக்க. யெல்லே, உங்கம்மா நேத்து கடைக்கு வந்து ஒரே புலம்பல்டா, கொடியைத் தேச்சு மடிச்சு வெச்சிருக்காங்களாம், நீன்கே வீட்டுல ஏத்துன அப்புறம்தான் ஏத்துவேன்னு சொல்லிட்டியாமே.’ நீன்கே படித்து முடித்தாள். மறுபடி முதல் வார்த்தைக்குப் போவதற்குள் அந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வந்துவிட்டது. அதன் மேல் யெல்லே சரசரவென்று ஐந்து மட்டிப் படங்களைக் கொட்டினான், ஒரு மட்டிக்குத் தொப்பி வரைந்திருந்தான், ஒன்றுக்கு மீசை. மண்ணைத் தள்ளி மூடுகிற அவசரம்.

பாஸானவன். பாஸானவனும் விரும்பினால் ஒரு பாடத்தை மறுபடி எழுதலாம், மதிப்பெண் குறைந்தாலும் பழையதுதான் நிற்கும், இழப்பதற்கு ஒன்றுமில்லை, இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்றைக்கு ‘நானும் மறுதேர்வு எழுதறேன்டீ’ என்று எழுதியவன் தோற்றேன் என்று எழுதவேயில்லை, அவள் படித்தது அப்படி. அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சண்டை போடக்கூட ஒரு பிடி கொடுக்காமல் செய்திருக்கிறான், பாவி. அவன் தாயார் ஒரு வாரமாக அலமாரியைத் திறந்து திறந்து பார்த்திருப்பாள், ஒரே பிள்ளை, அந்தத் தெருவிலேயே முதலில் ஏற்றியிருக்க வேண்டியவள். யார் கேட்டது இந்தத் தியாகத்தை? கேலியும் கிண்டலுமாக இவளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறானே, இவள் எழுந்து நடந்திருக்க வேண்டிய ஒரு வாரத்தை இவனோடு உட்கார்ந்து தொலைத்தாளே, அவனும் படிக்கவில்லையே, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நமக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்று… ‘டேய், நீ பாஸா?’ என்று தட்டினாள். அனுப்பவில்லை.

ஏனென்றால் போன வியாழக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள வந்தது. தோற்றவர்களுக்குத்தான் முதலில் போன் வரும், ஒன்று பத்துக்கு அவள் போன் அடித்தது, ஆசிரியையின் குரல் ரொம்ப மென்மையாக இருந்தது, அதிலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், அம்மா கதவுக்கு வெளியே நின்று நின்று போனாள், மூன்று மணிக்கு மேல் யெல்லேயின் அந்த ஒரு வரி வந்தது. அவள் ‘அய்யோ பாவம்டா, உனக்குமா’ என்று அழுகிற முகங்களாகப் போட்டாள், போட்டுவிட்டு எழுந்தாள், முகம் கழுவினாள், கீழே போய் வெண்ணெயும் சாக்லேட் தூவலும் போட்டு இரண்டு ரொட்டி சாப்பிட்டாள், காலையிலிருந்து அதுதான் முதல் சாப்பாடு, அம்மாவிடம் ‘யெல்லேவும் போயிட்டான்மா’ என்று சொன்னாள், சொல்லும்போது வாய் லேசாகச் சிரித்திருந்தது. சிரித்தது. இப்போது நன்றாகத் தெரிகிறது, சிரித்தாள். காலையில் எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கி எதிர்ச்சுவரைப் பார்ப்பது, குழல் வெறுமனே இருந்தால் மனசு லேசாவது, ஏழு நாளும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

போன் அதிர்ந்தது. ‘என்னடீ, மட்டிக்குப் பேச்சு மூச்சையே காணோம்? கோவமா?’ கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவன் அறை ஜன்னல் திறந்திருந்தது, அவன் தெரியவில்லை, மேஜை விளக்கு மட்டும் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. கோபம்தான், யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் தோற்றானென்றால் அவளுக்குச் சோறு இறங்கும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது, ஃபிரிட்ஜ் கதவு மாதிரி அதுவும் எப்படியோ தெரிந்துதானே இருக்கிறது, தெரிந்துதான் கொடுத்திருக்கிறான், அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்த பிறகும் ஒரு வாரமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறான். தட்டி வைத்திருந்த கேள்வியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். ‘ரெண்டரை வந்துடுச்சு’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அடுத்த கேள்வித்தாளைத் திருப்பினாள், முதல் வரியை மூன்று முறை படித்தாள், ஒன்றும் ஏறவில்லை.